தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா? வெயிலும் வெள்ளமும் தாங்கும் தெருவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தெருவுக்குச் சாலை ஒதுக்கீடு வந்துவிட்டது. அல்லது 'நமக்கு நாமே' திட்டத்தில் குடியிருப்போர் பங்குத்தொகை கட்டிப் போடப் போகிறார்கள். எஸ்டிமேட் எழுதுமுன் ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) கேட்கிறார்: "தார் போடவா, சிமெண்ட் போடவா, பேவர் பிளாக் போதுமா?" கூட்டத்தில் ஆளுக்கொரு பதில் வருகிறது. சிமெண்ட்தான் நிலைக்கும் என்பார் ஒருவர். வெயில் தாங்க முடியாது, தாரே போடுங்கள் என்பார் இன்னொருவர். பேவர் பிளாக் போட்டால் மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கும் என்று மூன்றாமவர் சொல்வார். முடிவு எட்டாமலே கூட்டம் கலையும்.

முன்பு இதற்கு எளிய வழக்கம் ஒன்று இருந்தது: பஸ் ஓடினால் தார், சந்தாக இருந்தால் சிமெண்ட். இப்போது அது போதவில்லை. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, ஈரோடு பக்கமெல்லாம் கோடையில் 41, 42 டிகிரி வழக்கமாகிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். அதனால் மழை வரும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். இப்படி ஒரு மழைக்கும் இப்படி ஒரு வெயிலுக்கும் நடுவில் ஒரே சாலை கிடந்தாக வேண்டும்.

இங்கே பேசுவது மூன்று மீட்டர் முதல் ஐந்தரை மீட்டர் வரை அகலமுள்ள தெருக்கள், ஊராட்சிச் சாலைகளைப் பற்றி மட்டும். நெடுஞ்சாலைக் கணக்கு வேறு.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

தண்ணீர். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். மழை நின்ற பிறகு தெரு எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று அந்தத் தெருக்காரர்களுக்கே நன்றாகத் தெரியும். அதை முதலில் எழுதி வையுங்கள். தேங்குவதும் ஓடுவதும் வெவ்வேறு நோய்கள். தேங்கும் நீர் சாலையை ஊறவைக்கும். குறுக்கே பாயும் நீர் ஓரத்தை அரித்துச் சாலையையே கவிழ்க்கும். மூன்றாவது கண்ணில் படாதது: நிலத்தடி நீர் மேலேறி அடியிலிருந்து ஊறுவது. கடற்கரை ஊர்களிலும் ஏரி உள்வாயில் எழுந்த நகர்களிலும் சாலை கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாலையின் அடிமண் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 60 செ.மீ. மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே எதைப் போட்டாலும் அது ஈரச் சாக்கின் மேல் வைத்த பலகைதான்.

குழாய். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கேபிள், கேஸ் இவற்றில் எது வந்துவிட்டது, எது வரப்போகிறது? மூன்று ஆண்டுக்குள் தெருவைத் தோண்டுவார்கள் என்றால் தேர்வே மாறிவிடும்.

ஆகப் பெரிய வண்டி. தெருவில் நிற்கும் கார்களை எண்ணிப் பயனில்லை. அச்சுச் சுமை (வண்டியின் ஓர் ஆக்சில் சாலையில் இறக்கும் எடை) இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. வாரம் இருமுறை வரும் தண்ணீர் லாரியும், வீடு கட்டுபவருக்கு எம்-சாண்ட் இறக்கும் டிப்பரும்தான் உங்கள் தெருவின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

வெயில். நிழல் இருக்கிறதா, பஸ் நிற்குமா, வண்டிகள் பிரேக் அடித்துத் திரும்பும் முனை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசல் மட்டம். ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புது அடுக்கு போட்டுத் தெரு உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் இறங்கிய ஊர்கள் ஏராளம். சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று அரசு பலமுறை அறிவுறுத்திவிட்டது. ஆனாலும் எஸ்டிமேட்டில் அந்த வரி இல்லாவிட்டால் தளத்தில் யாரும் சுரண்ட மாட்டார்கள்.

## தார்ச்சாலை

தார் வெயிலில் இளகும் பொருள். அதன் பலமும் பலவீனமும் இதிலேயே இருக்கின்றன. நிழலில் 41 டிகிரி காட்டும் நாளில், சென்னை இருக்கும் அட்சரேகையில், தார்ச்சாலைக்குள் இரண்டு செ.மீ. ஆழத்தில் சுமார் 63 டிகிரி இருக்கும். தெருக்களில் வழக்கமாகப் போடும் விஜி-30 (விஜி என்பது தாரின் கெட்டித்தன்மைத் தரம், எண் கூடினால் தார் கெட்டி) தாரின் மென்மையாகும் வெப்பநிலை குறைந்தது 47 டிகிரி இருந்தால் போதும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆக, கோடையில் நாள்தோறும் பல மணி நேரம் தார் தன் எல்லையைத் தாண்டிய சூட்டில்தான் கிடக்கிறது. அப்போது சுமையைத் தாங்குவது ஜல்லிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிடிப்பு. அந்தப் பிடிப்பு குறைவாக இருந்தாலோ தார் கூடுதலாக ஊற்றப்பட்டிருந்தாலோ, பஸ் நிற்கும் இடத்தில் சக்கரத்தடம் பள்ளமாகும். தார் மேலே கசிந்து பளபளக்கும்.

விறைப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை இந்திய சாலைப் பேராயத்தின் வடிவமைப்பு நெறி (ஐஆர்சி 37, 2018) எண்ணிலேயே தருகிறது. சாலையின் சராசரி வெப்பநிலை 35 டிகிரியாக இருக்கும்போது விஜி-30 கலவையின் விறைப்பு 2000 மெகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). 40 டிகிரிக்கு ஏறினால் 1250. விஜி-40 கலவைக்கு இதே அளவுகள் 3000, 2000. ஐந்து டிகிரி கூடினால் விஜி-40தான் பழைய விஜி-30 செய்த வேலையைச் செய்யும். தர நிர்ணயப்படி ஏழு நாள் சராசரி உச்ச வெயில் 38 முதல் 45 டிகிரி வரையுள்ள இடத்துக்கு விஜி-30, அதற்கும் மேல் விஜி-40.

அப்படியானால் எல்லாத் தெருவுக்கும் விஜி-40 கேட்கலாமா? வேண்டாம். ஊராட்சிச் சாலையில் தார் அடுக்கு 20, 30 மி.மீ.தான். பலம் முழுவதும் அடியிலுள்ள ஜல்லித் தளத்தில் இருக்கிறது. அடித்தளம் சற்று அசையும் இடத்தில் மெல்லிய, விறைப்பான தார் போட்டால் அது வளையாமல் வெடிக்கும். கனரக வண்டிகள் ஓடாத தெருவுக்கு விஜி-30 சரி. பஸ் ஓடும் சாலையாகி, 40 மி.மீ.க்கு மேல் அடுக்கு போட்டு, அடித்தளமும் கெட்டியாக இருந்தால் விஜி-40 கேளுங்கள். வெயில் தாரை இளக்குவதோடு நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அதை உலர்த்தி முறுகச் செய்யவும் செய்கிறது. ஐந்தாறு ஆண்டு ஆன தார்ச்சாலை கறுப்பு மாறிச் சாம்பல் நிறமாகி மயிரிழை விரிசல் விடுவது அதனால்தான்.

அந்த மயிரிழை விரிசலில்தான் மழை வேலையைத் தொடங்குகிறது. ஒரு பள்ளம் பிறப்பதை அருகில் நின்று பார்த்தால் இப்படி இருக்கும்: விரிசலுக்குள் நீர் இறங்கி ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தங்குகிறது. கருங்கல் ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல்தான் ஒட்டுதல் அதிகம். அடுத்த லாரிச் சக்கரம் ஏறும்போது அந்த நீருக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் தாரை ஜல்லியிலிருந்து உரித்துவிடுகிறது. சக்கரம் கடந்ததும் விரிசல் வழியாக வெளுத்த சேற்று நீர் பீச்சிக்கொண்டு வரும். மழை விட்ட மறுநாள் விரிசல் ஓரத்தில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருப்பது அதுதான், அடித்தளத்தின் பொடி வெளியேறிவிட்டதற்கான சாட்சி. அந்தக் கட்டத்தில் விரிசலை அடைத்தால் சில கிலோ தாரோடு போய்விடும். அடுத்த மழைக்கு விட்டால் கையகல வில்லை பெயரும், அதற்கடுத்த மழைக்குக் குழி.

முழுத் தெருவும் மூழ்கினால் சேதம் கண்ணுக்கே தெரியாது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஆய்வில், வெள்ளத்தில் மூழ்கிய தார்ச்சாலைகள் சுமார் இரண்டு அங்குலத் தார் அடுக்கை இழந்ததற்குச் சமமான வலுவை இழந்திருந்தன. சிமெண்ட் சாலைகளின் இழப்பு மிகக் குறைவு. வெள்ளம் வடிந்தாலும் அடிமண் பல நாள் ஈரமாகவே இருக்கும். அந்த நாட்களில் குப்பை அள்ளும் லாரியும் ஜேசிபியும் ஓடுவதால் வெள்ளமே செய்யாத சேதம் நேர்கிறது. ஒரு வாரமாவது கனரக வண்டியை வேறு தெருவில் திருப்பிவிட முடிந்தால் சாலைக்கு அது பெரிய உபகாரம்.

பிளாஸ்டிக் கலந்த தார். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை. 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2 முதல் 4 மி.மீ. வரை துண்டாக்கிய கழிவு பிளாஸ்டிக்கைச் சுமார் 165 டிகிரி சூட்டிலுள்ள ஜல்லியின் மேல் தூவினால் அது உருகி ஜல்லிக்கு மேல்தோலாகப் படியும். பிறகு தார் சேர்ப்பார்கள். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 30 மி.மீ. தடிமன் என்றால் கலவை சுமார் 21 டன், அதில் தார் ஒரு டன்னுக்குச் சற்று மேல், பிளாஸ்டிக் 85 கிலோ அளவில் வரும். மழைக்காலத்துக்கு இதன் பெரிய நன்மை, தோல் போர்த்திய ஜல்லியில் நீர் எளிதில் புக முடியாமல் தார் உரிவது குறைவது. பிவிசி கலந்துவிட்டால் சூட்டில் குளோரின் சேர்ந்த நச்சு வாயு கிளம்பும். மண் ஒட்டிய பிளாஸ்டிக் போட்டால் தோல் படியாது. தேயும்போதும் சுரண்டும்போதும் பிளாஸ்டிக் நுண்துகள் பரவுமே என்ற கவலையும் நியாயமானதுதான். இருந்தாலும் தார் போடுவதென்று முடிவாகிவிட்டால் இதைக் கேட்டு வாங்குவது நல்லது என்பதே எங்கள் கருத்து.

மறைந்திருக்கும் செலவு: ஆண்டுதோறும் மழைக்கு முன் விரிசல் அடைப்பு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலடுக்கு, ஒவ்வொரு மேலடுக்குக்கும் முன்னால் சுரண்டும் கூலி. முதல் எஸ்டிமேட்டில் தார் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், இவை அதில் இல்லாததுதான்.

## சிமெண்ட் கான்கிரீட்

நீரில் ஊறிக் கிடக்கும் தெருவுக்கு இதைப்போல் வேறில்லை. பலகை போன்ற தளம் சுமையை அகலமாகப் பரப்பித் தருவதால் அடிமண் கொஞ்சம் நைந்தாலும் தாங்கும். ஊராட்சிச் சாலைக்குத் தடிமன் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது, கலவைத் தரம் எம்-30க்குக் (எம் எண் கூடினால் வலு கூடும்) குறையக் கூடாது. மூன்று மீட்டர் அகலத்தில் நூறு மீட்டருக்கு 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எஸ்டிமேட்டில் இதைவிடக் குறைந்த அளவு இருந்தால் தடிமன் எங்கோ குறைகிறது என்று பொருள்.

வெயில் இதையும் விட்டுவைப்பதில்லை. மதிய வெயிலில் தளத்தின் மேற்பரப்பு சூடாகி விரியும், அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும். தளம் நடுவில் உப்பி ஓரத்தில் கவிழப் பார்க்கும். இரவில் தலைகீழாக, மூலைகள் மேலே தூக்கும். தூக்கிய மூலையின் மேல் லாரி ஏறினால் மூலை முறியும். இதற்கான மருந்து இணைப்பு வெட்டுதான். மூன்று முதல் நான்கு மீட்டருக்கு ஒரு வெட்டு, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை ஆழம். கான்கிரீட் இறுகத் தொடங்கியதும், பொதுவாகப் போட்ட ஒரு நாளுக்குள், இயந்திரத்தால் வெட்டிவிட வேண்டும். நாள் தள்ளினால் தளம் தானே கண்ட இடத்தில் வெடித்துவிடும். பிறகு வெட்டுவது அழகுக்குத்தான். வெட்டுக்குள் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) நிரப்பாவிட்டால் அதுவே தண்ணீர் இறங்கும் வாய்க்கால்.

மே மாதம் பகல் 11 மணிக்குக் கான்கிரீட் கொட்டுவதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கலவையின் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சூடும் காற்றும் சேர்ந்து மேற்பரப்பு நீரை உறிஞ்சினால், இறுகுமுன்பே கோழிக்கால் போன்ற விரிசல்கள் விழும். கலவை சீக்கிரம் கெட்டியாகிறதே என்று ஆட்கள் டிரம்மிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாகி, இரண்டே ஆண்டில் மேல்தோல் பொடியாகி ஜல்லி தெரியத் தொடங்கும். அதிகாலையிலோ மாலை நாலு மணிக்கு மேலோ போடுவது, அடியில் 125 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு, போட்டு முடித்ததும் ஈரச் சாக்கு, மறுநாளிலிருந்து பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்துவது: இவற்றில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. கோடையில் தெருவுக்கே தண்ணீர் லாரியில் வருகிறது என்றால் இந்த 14 நாள் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 28 நாள் லாரி ஏறக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு: மூன்று இருக்கின்றன. முதலாவது வாசல் மட்டம். பழைய தாரின் மேலேயே 150 மி.மீ. கான்கிரீட் கொட்டினால் தெரு ஒரே நாளில் அரை அடி உயரும். தெருவில் நின்ற தண்ணீர் வீட்டுக்குள் போகும். சாலை உழைக்கும், வீடு நனையும். இப்படி ஒரு தெருவில் நடந்தால் நஷ்டம் சாலைச் செலவைப்போல் பல மடங்கு. இரண்டாவது, தோண்டல். குழாய் உடைந்தால் இயந்திரம் வைத்து அறுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். ஒட்டும் ஒரிஜினலும் ஒன்றாவதே இல்லை. மூன்றாவது, நிலத்தடி நீரும் சூடும். சுவருக்குச் சுவர் கான்கிரீட் போட்டால் ஒரு சொட்டும் மண்ணில் இறங்காது. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டராவது விட வேண்டும். நிறம் வெளுப்பாக இருப்பதால் புதுக் கான்கிரீட் தாரைவிட அதிக வெயிலைத் திருப்பி அனுப்பும். பகலில் தார்ச்சாலைதான் அதிகம் கொதிக்கும். ஆனால் பருமனான தளம் பகல் முழுக்கச் சூட்டைச் சேமித்து இரவில் விடும் என்பதால், நெருக்கமான சந்துகளில் இரவுப் புழுக்கம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிமெண்ட் தயாரிப்பே நிறைய கரியமில வாயுவை வெளியிடும் தொழில். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் கேட்டால் அந்தச் சுமை கொஞ்சம் குறையும், கடலோர உப்பு மண்ணுக்கும் அது ஏற்றது.

## பேவர் பிளாக்

பெயர்த்தெடுத்துத் திரும்பப் பதிக்கலாம். இந்த ஒரு குணத்துக்காகவே பல தெருக்களுக்கு இதுதான் சரியான விடை. குழாய் வேலைக்குத் தோண்டிவிட்டு அதே கல்லை அடுக்கினால் தெரு பழையபடி ஆகிவிடும். அடுக்கிய மறுநாளே வண்டி ஓடலாம், 14 நாள் காத்திருப்பு கிடையாது. வெயிலில் விரிவதற்குக் கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் வெப்ப விரிசலும் வருவதில்லை.

ஆனால் கல் வலுவானது என்பதால் சாலை வலுவானது என்று ஆகாது. பேவர் தெரு அமுங்குவதும் அலை அலையாவதும் கல்லுக்கு அடியில் நடக்கும் கோளாறு. கல்லுக்குக் கீழே 20 முதல் 40 மி.மீ. மணல் படுக்கை, அதற்குக் கீழே ரோலர் ஓட்டி இறுக்கிய வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்பொடியும் ஈரமாகக் கலந்தது) தளம் இருக்க வேண்டும். பல இடங்களில் கிராவலைக் கொட்டி, தளத்தின் மேடுபள்ளத்தை மணலாலேயே நிரவி, அதன்மேல் கல் அடுக்கிவிடுகிறார்கள். மணல் 10 செ.மீ. இருக்கும் இடத்தில் முதல் மழையிலேயே கல் இறங்கும். படுக்கைக்குக் கிரஷர் பவுடர் (கல் உடைக்கும்போது வரும் பொடி) போடுவதும் தவறு. அது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சேறாகும், பருமணல் வேண்டும். ஓரத்தில் கெர்ப் கல் (தெருவோரத்தைப் பிடித்து நிறுத்தும் கல்) இல்லாவிட்டால் கற்கள் பக்கவாட்டில் நகர்ந்து, இடைவெளி அகன்று, மணல் கழுவிப்போகும்.

கார், வேன், தண்ணீர் லாரி வரும் தெருவுக்கு 80 மி.மீ. தடிமன், எம்-40 தரம். 60 மி.மீ. கல் நடைபாதைக்கும் இருசக்கர வண்டி போகும் சந்துக்கும் போதும். அடுக்கும் முறையில் மீன்முள் அமைப்பு, பிரேக் அடிக்கும் விசையை நன்றாகத் தாங்கும்.

கல்லின் தரத்தைத் தெருக்காரர்களே மளிகைக் கடைத் தராசில் பார்த்துவிடலாம். வந்திறங்கிய லோடில் அங்கங்கே நாலைந்து கல்லை எடுத்து, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடை போடுங்கள். வாளித் தண்ணீரில் 24 மணி நேரம் முழுக வைத்து, துணியால் துடைத்து மறுபடி எடை போடுங்கள். தர நிர்ணயப்படி நீர் உறிஞ்சல் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் 80 மி.மீ. தடிமனுள்ள கல் சுமார் 3.8 கிலோ இருக்கும். அது 230 கிராமுக்கு மேல் கூடினால் அந்த லோடைச் சந்தேகிக்க வேண்டும். ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்திச் செய்யும் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனாலும் மோசமான கல் இதிலேயே பிடிபட்டுவிடும்.

மழைநீர் இறங்குமா? பெரும்பாலும் இறங்காது. சாதாரண பேவரில் இடைவெளி 2 முதல் 4 மி.மீ.தான். சில மாதத்தில் மண்ணும் எண்ணெயும் அடைத்துக்கொள்ளும். அடியிலுள்ள வெட்மிக்ஸும் இறுக்கமானது. நீர் இறங்கத்தான் வேண்டும் என்றால் அகல இடைவெளிக் கல், பொடியே இல்லாத ஜல்லித் தளம், அடியில் நீர் உறிஞ்சும் மண், ஆண்டுதோறும் இடைவெளியைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். பார்க்கிங் இடத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் அது பொருந்தும். தெருவுக்கு, ஓரத்தில் மழைநீர்ச் சேகரிப்புக் குழி வெட்டுவதே எளிய வழி.

மறைந்திருக்கும் செலவு: இடைவெளி மணலை ஆண்டுக்கு ஒருமுறை நிரப்புவது, அமுங்கிய இடத்தைப் பெயர்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள், உடையும் கல்லுக்கு மாற்று. வேலை முடியும் அன்றே நூற்றுக்கு இரண்டு கல் வீதம் உபரியாக வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே அச்சில் கல் கிடைக்காது.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | தார் | சிமெண்ட் | பேவர் பிளாக் |
|---|---|---|---|
| நீர் தேங்கும் தெரு | மோசம் | நன்று | அடித்தளம் சரியாக இருந்தால் பரவாயில்லை |
| குறுக்கே பாயும் வெள்ளம் | ஓரம் அரிக்கும் | ஓரத்தில் தடுப்புச் சுவர் இருந்தால் நன்று | மணல் கழுவிப்போகும், வேண்டாம் |
| கோடை வெயில் | இளகும், பிறகு முறுகும் | இணைப்பு வெட்டு இருந்தால் தாங்கும் | தாங்கும் |
| குழாய்க்குத் தோண்டினால் | ஒட்டுப் போடலாம், தடம் தெரியும் | கடினம், செலவு அதிகம் | எளிது |
| தெரு அடைத்திருக்கும் காலம் | ஒரு நாள் | 14 முதல் 28 நாள் | வேலை நடக்கும் நாட்கள் மட்டும் |
| முதல் செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| பராமரிப்பு | ஆண்டுதோறும் | இணைப்புச் சீலன்ட் மட்டும் | மணல், அமுங்கிய இடம் |
| வழக்கமாக ஏமாற்றப்படும் இடம் | கலவைச் சூடு, தடிமன் | கலவையில் கூடுதல் தண்ணீர், கியூரிங் (போட்ட பின் 14 நாள் நனைத்து வைப்பது) | கல்லுக்கு அடியில் உள்ள தளம் |

## எந்த இடத்துக்கு எது

அரை நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கும் தெரு, குழாய் வேலை எல்லாம் முடிந்துவிட்டது: சிமெண்ட். பழைய சாலையை முழுவதும் தோண்டி எடுத்து, புதுத் தளத்தின் மேல்மட்டம் வாசல்படிக்குக் கீழே நிற்கும்படி போட வேண்டும். வடிகால் இல்லாமல் சிமெண்ட் மட்டும் போட்டால் சாலை பிழைக்கும், மக்கள் பிழைக்க மாட்டார்கள்.

பாதாளச் சாக்கடை வரப்போகும் தெரு: பேவர் பிளாக், அல்லது அதுவரை ஒட்டுப் போட்டுச் சமாளிப்பது. இங்கே சிமெண்ட் போடுவது பணத்தை மண்ணில் கொட்டுவதற்குச் சமம்.

பஸ் ஓடும், வடிகால் வேலை செய்யும் சாலை: தார். பஸ் நிற்கும் 20, 30 மீட்டரை மட்டும் கான்கிரீட்டாகப் போட்டுவிடுங்கள். நின்று கிளம்பும் சுமை, சொட்டும் டீசல், வெயில் மூன்றும் சேரும் அந்த இடத்தில் எந்தத் தாரும் நிற்காது.

கரிசல் மண்: மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் இது. மழையும் வெயிலும் இரண்டுமே கடுமையாவதால் இந்த அசைவு இனி கூடத்தான் செய்யும். இறுக்கமான கான்கிரீட் பலகை இதன்மேல் முறியும். அடிமண்ணில் சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்தி, கனமான ஜல்லித் தளம் போட்டு, மேலே தார் போடுவது நல்லது. அசைந்தாலும் ஒட்டுப்போட முடியும். சுண்ணாம்பு வேலையை விட்டுவிட்டு மேல்தளத்தில் செலவழித்தால் மூன்று தேர்வுமே தோற்கும்.

தரைப்பாலமும் ஓடை தாண்டும் தாழ்வான இடமும்: சந்தேகமே வேண்டாம், சிமெண்ட். நீர் வந்து விழும் பக்கத்தில் ஆழமான தடுப்புச் சுவரும் கல் பதிப்பும் வேண்டும். வெள்ளம் தளத்தை மேலிருந்து உடைப்பதில்லை. விழும் பக்கத்தில் மண்ணைத் தோண்டித் தளத்தை அந்தரத்தில் நிறுத்திவிடும். வெள்ளம் வடிந்ததும் முதல் வண்டியை விடுமுன் அந்தப் பக்கம் இறங்கிக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும்.

மூன்று மீட்டர் சந்து, லாரி வராது, நீர் தேங்காது: எதைப் போட்டாலும் நிற்கும். 60 மி.மீ. பேவர் போதும்.

## எஸ்டிமேட்டிலும் வேலை நடக்கும் நாளிலும்

எஸ்டிமேட்டில் நான்கு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: பழைய அடுக்கைச் சுரண்டுவது அல்லது தோண்டுவது, அடித்தளத்துக்கு நீர்வடி ஜல்லி அடுக்கு (அது ஓரம் வரை நீண்டு வடிகாலில் முடிய வேண்டும், நடுவில் நின்றுவிட்டால் தொட்டிபோல் நீரைத் தேக்கும்), வாட்டம், வடிகாலின் வாய். தார்ச்சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு, சிமெண்டுக்கு 20 மி.மீ. சாலையைவிட வடிகாலின் மேல்மூடி உயரமாக இருந்து, இடையில் துவாரமும் இல்லாத தெருக்களை எங்கும் பார்க்கிறோம். அங்கே வடிகால் வெறும் சுவர்.

தார் போடும் நாளில் ஒரு வெப்பமானி போதும். விஜி-30 கலவை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, ரோலர் வேலை 90 டிகிரிக்குக் கீழே போகுமுன் முடிய வேண்டும். விஜி-40க்கு இவை 150, 100. டிப்பர் தார்ப்பாய் மூடாமல் வந்து, வழியில் நின்று, கலவை ஆறிவிட்டால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுகாது. உள்ளே காற்றிடம் 8 சதவீதத்துக்கு மேல் தங்கி, சாலை சல்லடையாகும். மழை தூறும் நாளிலும் ஈரத் தளத்திலும் தார் விரிக்கவே கூடாது. நீர் எதிர்ப்புச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்: ஊறவைத்த மாதிரி, ஊறாத மாதிரியின் வலுவில் 80 சதவீதமாவது காட்ட வேண்டும். குறைந்தால் கலவையில் இரண்டு சதவீதம் சுண்ணாம்புப் பொடி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

முதல் பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். நீர் எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, வாசல்படி தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை ஆண்டு என்பதை வேலை தொடங்குமுன்பே கேட்டு வைத்திருந்தால், அந்த வட்டங்களைச் சரிசெய்யும் செலவு கான்ட்ராக்டருடையது. காலம் முடிந்த மறுநாள் கொடுக்கும் மனுவுக்குப் புது எஸ்டிமேட்தான் பதிலாக வரும்.